ஆற்றுப்படுத்தலும் கேட்கும் செவியும்: வாச்சாத்தியை முன்வைத்து

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தகடூர் என இலக்கியம் அறியும் இம்மண்ணில் கூடும் எந்த அவையிலும் முதலில் நினைக்கப்பெறுவோர் அதியமானும் ஔவையும் ஆவர். நெல்லிக்கனியைப் பேசாத மேடை இம்மாவட்டத்தில் இல்லை எனலாம். ஆனால் அதியமான் மறைந்தபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாடல்களைப் பேசும் மேடை அரிது. கொடுத்ததைப் பேசும் அளவுக்கு இழந்ததைப் பேச எவர்க்கும் மனம் வருவதில்லை போலும். புறநானூற்றில் நெருங்கி நிற்கும் அப்பாடல்களில் ஔவை செய்வது ஒன்றுதான். தாங்க இயலாத ஒன்றைத் தாங்குவதற்காக, பிறர் கேட்கும்படி அதனைச் சொல்கிறார். கையறுநிலை என்பது செய்வதற்கு ஒன்றுமில்லாது கை அற்ற நிலை. அந்நிலையிலும் ஔவைக்குச் சொல் எஞ்சியிருந்தது. சொல்லைக் கேட்க ஓர் அவையும் இருந்தது. சொல்லும் அற்று, கேட்போரும் அற்ற நிலை ஒன்று உண்டா என்றால், உண்டு. அதற்கான சான்று இதே தகடூர் நாட்டில், இந்நூற்றாண்டுக்கு எட்டாண்டுகள் முன்னர் நிகழ்ந்தது.

அரூருக்கு அண்மையில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் ஊர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், கடத்தப்பெற்ற சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். பின்னாளில் குற்றம் சாட்டப்பெற்றோர் தொகை 269: வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர். ஊர் மக்கள் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பெற்று அடிக்கப்பெற்றனர். பதினெட்டு இளம்பெண்கள் தனியே பிரிக்கப்பெற்று ஏரிப்பக்கம் கொண்டுசெல்லப்பெற்றுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் இருந்தாள். வீடுகள் இடிக்கப்பெற்றன, தானியம் பாழாக்கப்பெற்றது, கால்நடைகள் கொல்லப்பெற்றன. பிடிபட்ட 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களும் சிறைப்படுத்தப்பெற்றனர். எஞ்சியோர் மலைமேல் ஓடி ஒளிந்தனர். வாரங்கள் கடந்து வெளியார் அவ்வூருக்குள் நுழைந்தபோது அங்கு ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அப்பெண்களின் பெயர்களை வெளியிடுதல் சட்டத்தால் தடுக்கப்பெற்றது. எனவே 'பதினெட்டுப் பெண்கள்' என்னும் தொகையாகவே நாடு அவர்களை அறியும். அவ்வெண் அவர்களுக்குக் காவல். ஆயினும் எண்ணாக மட்டும் அறியப்படுதலில் ஓர் இழப்பும் உண்டு. பதினெட்டும் பதினெட்டு வேறு உள்ளங்கள். ஒருத்திக்கு ஆறிய புண் மற்றொருத்திக்கு ஆறாதிருக்கலாம். இதனை மறவாதிருத்தல், இப்பொருளைப் பேசும் எவர்க்கும் முதற்கடமை.

உளக்காயத்தைக் குறிக்க இன்று வழங்கும் சொற்களுள் 'மனவடு' என்பது ஈழத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளால் பரவிய சொல் அது. அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தபோதும் அதன் தலைப்பு வடுப்பட்ட மனங்கள் என்னும் பொருளிலேயே அமைந்தது. புண் ஆறியபின் எஞ்சுவது வடு. ஆனால் இங்குப் புண்ணே வடுவாகவும் வடுவே புண்ணாகவும் நிற்கிறது. மேனாட்டு மருத்துவம் இதனை ஒரு தனி நோயாக ஏற்றுக்கொண்டது மிகப் பிந்தியே. முதல் உலகப் போரில், 1915இல், குண்டுவீச்சுக்கு நடுவே நின்று நடுங்கிய படைவீரரைப் பற்றி மயர்சு என்னும் மருத்துவர் எழுதினார். வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்களின் போராட்டத்திற்குப் பின்னரே, 1980இல், அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. போருக்குச் செல்லாத பெண்களின் காயத்தைக் கண்டறிந்தவர்களோ பெருமருத்துவர்கள் அல்லர். ஆன் பர்ஜசு என்னும் செவிலியரும் லிண்டா ஓம்சுட்ராம் என்னும் சமூகவியலாளரும் பாஸ்டன் நகர மருத்துவமனையில், வன்கொடுமைக்கு ஆளாகி வந்த பெண்களின் அருகிருந்து கேட்டு, 1974இல் எழுதினர். போர்வீரனிடம் கண்ட அதே நடுக்கம், அதே கனவு, அதே உறைவு இப்பெண்களிடமும் இருந்தன. கேட்கச் சென்றவர்க்கே தெரிந்தது என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

அக்காயத்தின் இயல்பை மருத்துவர் பலவாறு விளக்குவர். இலக்கணம் பயின்றோர்க்கு அதனை எளிதாகச் சொல்லலாம். நடந்து முடிந்த ஒன்று இறந்தகாலத்தில் சென்று அமைய வேண்டும். 'நடந்தது' என்று சொல்ல முடிந்தால் அது நினைவு. மனவடு உற்றவர் உள்ளத்திலோ அந்நிகழ்வு நிகழ்காலத்தை விட்டு நகர்வதில்லை. அதிகாரியின் காலணி ஓசை போன்ற ஓர் ஓசையோ, ஊர்தி நிற்கும் ஒலியோ, ஒரு மணமோ போதும். நினைவு வருவதில்லை, நிகழ்வே வருகிறது. உடல் வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. அதற்கு அஞ்சி அவ்விடத்தை, அப்பேச்சை, அம்மனிதரை விலக்கி வாழ முயல்வதும், விலக்க விலக்க வாழ்வே சுருங்குவதும் அடுத்த நிலை. நகரத்தில் உள்ளவர் வேறு தெருவில் வீடு பார்த்துக்கொள்ளலாம். ஆலமரமும் ஏரியும் நாள்தோறும் கடந்து செல்ல வேண்டிய இடங்களாக இருக்கும் ஊரில் விலகிச் செல்ல வழியேது?

இங்குத் தொல்காப்பியர் ஒரு பெருந்துணை. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாக அவர் நான்கினைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவதாக நிற்பது உயிரிழப்போ பொருளிழப்போ அன்று. பிறரால் இகழப்பட்டு எளிமைப்படுதலாகிய இளிவே முதலில் நிற்கிறது. அதன் பின்னரே இழவு வருகிறது. பண்டைய நல்ல நிலை கெட்டு வேறொன்றாதலாகிய அசைவு வருகிறது. இறுதியில் வறுமை வருகிறது. வாச்சாத்திப் பெண்களுக்கு இந்நான்கும் ஒரே நாளில் வந்தன. நாடு முதலில் எண்ணிப் பார்த்தது பின்னின்று: இடிந்த வீட்டிற்குக் கணக்கு, இறந்த ஆட்டிற்குக் கணக்கு. இளிவுக்கு எவரிடமும் கணக்கு இல்லை. பொருளிழப்பை நிவாரணம் ஓரளவு ஈடுசெய்யும். இழவை அழுது ஆற்றிக்கொள்ள ஒப்பாரி இருக்கிறது. இம்மாவட்டத்து மூதாட்டியர் மாரடித்துப் பாடும் ஒப்பாரியில் துயரை ஊரே பங்கிட்டுக்கொள்ளும். இளிவுக்கு ஒப்பாரி இல்லை. பாடினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்னும் அச்சம் அதன் வாயை அடைக்கிறது. உளவியல் துணை தேவைப்படும் இடம் சரியாக இதுவே.

தமிழகத்தில் அத்துணைக்கு 'ஆலோசனை' என்னும் சொல்லே பெருவழக்கு. அச்சொல் பொருந்தாச் சொல் என்பதைத் துணிந்து கூறலாம். ஆலோசனைக்கு நம் சமூகத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. துன்புற்ற பெண் வாய் திறப்பதற்குள் ஆலோசனை வந்துவிடும். நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு என்பார் ஒருவர். வெளியே தெரிந்தால் குடும்பத்திற்குத்தான் தலைகுனிவு என்பார் மற்றொருவர். உன்னைவிடத் துன்பப்பட்டோர் எத்தனையோ பேர் என்று ஆறுதல் கூறுவாரும் உண்டு. கோயிலுக்குப் போ, மந்திரித்துக் கொள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பனவும் ஆலோசனைகளே. இவை அனைத்தும் ஒன்றையே சொல்கின்றன: 'நீ சொல்லாதே, எனக்குக் கேட்க முடியவில்லை.' சொல்வோர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் தாயும் அத்தையும் அண்டை வீட்டாரும்தான். கேட்கும் வலிமை அவர்க்கு இல்லை, அவ்வளவே.

ஈழத்தமிழர் வழங்கும் 'உளவளத்துணை' என்னும் சொல் இதனினும் மேலானது. துணை என்பதில் பணிவு இருக்கிறது. அதனினும் அழகியது, குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் இன்று பணியிடப் பெயராகவே வழங்கும் 'ஆற்றுப்படுத்துநர்' என்பது. அரசாணை மொழியில் எப்போதேனும் இத்தகைய பேறு வாய்க்கிறது. ஆற்றுப்படுத்தல் என்பதன் நேர்ப்பொருள் வழிப்படுத்தல். ஆறு என்பது வழி. புண் ஆறுதலும் சினம் ஆறுதலும் வேறு பொருளில் வருவன. எனினும் கேட்போர் செவியில் இரண்டும் கலந்தே ஒலிக்கின்றன. கலப்பதில் பிழையும் இல்லை.

ஆற்றுப்படை நூல்களை இக்கண்கொண்டு மீண்டும் படிக்க வேண்டும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி காட்டுகிறான் என்பதே அவற்றின் அமைப்பு. வழி காட்டுவோன் அவ்வழியே நடந்தவன். அல்லது நடந்தவரை அறிந்தவன். அவன் எதிர்ப்பட்டோனைத் தூக்கிச் செல்வதில்லை. உன் வறுமைக்கு நீயே காரணம் என்று கூறுவதுமில்லை. செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம் அரூருக்குப் பக்கத்து நாட்டுப் பாட்டு. அதில் மலைவழியின் இடர்கள் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்பெறுகின்றன! பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து வரும் கல், வழுக்கும் பாசி, இரவில் தங்க வேண்டிய குகை, பகலில் சோறிடும் குறவர் குடி என ஒவ்வொன்றும் வருகிறது. வழி எளிது என்று அக்கூத்தன் பொய் கூறவில்லை. எங்கே நிற்கலாம், எங்கே விரையக் கூடாது என்று சொல்கிறான். உளவழித் துணைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் தேட வேண்டியதில்லை. நெஞ்சத்து மலையில் பொறி எங்குள்ளது என்பதை அறிந்து, நடப்போரின் காலடிக்கு ஏற்ப நடந்து, நடை அவருடையதே என்பதை மறவாத துணை அது.

அமெரிக்க உளமருத்துவர் சூடித் எர்மன் மனவடுவையும் மீட்சியையும் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஆண்டும் 1992 என்பது ஒரு தற்செயல். மீட்சிக்கு மூன்று நிலைகளை அவர் கூறினார். முதலில் பாதுகாப்பு, அதன் பின்னரே நினைவுகூர்ந்து துயருறுதல், இறுதியில் மீண்டும் மனிதரோடு இணைதல். இவ்வரிசை மாறக் கூடாது என்பதே அதில் உயிரான செய்தி. வீடு இல்லாதவளிடம், வழக்கு மிரட்டல் ஓயாதவளிடம், நாளை அதே சீருடை மீண்டும் வருமோ என்று அஞ்சுபவளிடம் 'மனம் திறந்து பேசு' என்பது மருத்துவம் ஆகாது. தலைக்கு மேல் கூரையும், அடுப்பில் உலையும், வாயிலில் அச்சமின்மையும் முதல் மருந்துகள். ஆலோசகர் வருமுன் கொத்தனார் வர வேண்டிய ஊர்களும் உண்டு.

உடனே பேச வைத்தல் நன்று என்னும் எண்ணம் உலகெங்கும் ஒரு காலத்தில் இருந்தது. பேரிடர் நிகழ்ந்த ஓரிரு நாள்களுக்குள் உயிர் பிழைத்தோரை ஓரிடத்தில் அமர்த்தி, நடந்ததை முழுவதும் சொல்லச் செய்யும் முறை பரவியிருந்தது. அவ்வாறு ஒரே அமர்வில் சொல்ல வைப்பது பயன் தருவதில்லை என்றும், சிலர்க்குத் தீங்கும் செய்கிறது என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உலக நல நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி வேறு நெறியைச் சொல்கிறது: அருகே இரு, தேவையைக் கேள், உறவினரோடு சேர்த்து வை, சொல்ல விரும்பினால் கேள், சொல்லும்படி வற்புறுத்தாதே. படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றும் இதனை, இழவு வீட்டிற்குச் சென்று ஒன்றும் பேசாமல் திண்ணையில் அமர்ந்துவிட்டு வரும் சிற்றூர்ப் பெரியவர் என்றோ அறிந்திருந்தார்.

2004 சூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். அதே ஆண்டு திசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டது. இவ்விரு பேரிடர்களுக்குப் பின்னரே உளவழித் துணை என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் காதில் விழுந்தது எனலாம். பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்தனர். பேசாத குழந்தைகள் அலையை வரைந்தார்கள். கடல் கொண்டுபோனதைச் சொல்வதில் ஒருவர்க்கும் நாணம் இல்லை. வாச்சாத்திக்கும் நாகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கடல் எவரையும் இகழவில்லை. மனிதர், அதுவும் காக்க வேண்டிய சீருடையணிந்த மனிதர், செய்த காயம் வேறு. அங்கே உலகின் மீதுள்ள நம்பிக்கையே முறிகிறது. அம்முறிவைச் சேர்ப்பதற்கு அறைக்குள் ஒருவர் கேட்பது தொடக்கமாகலாம், நிறைவாகாது.

இதனை உணர்ந்து எழுந்த ஒரு முறை 'சான்றுரை மருத்துவம்'. சிலி நாட்டில் இராணுவ ஆட்சியின் சித்திரவதைக்கு ஆளானோரிடம் உளவியலாளர் இருவர் அதனைக் கையாண்டு, ஆட்சிக்கு அஞ்சிப் புனைபெயர்களில் 1983இல் உலகுக்கு அறிவித்தனர். பாதிக்கப்பட்டவர் சொல்லச் சொல்ல, கேட்பவர் எழுதுகிறார்; எழுதியதைப் படித்துக் காட்டுகிறார்; சொன்னவர் திருத்துகிறார். முடிவில் அது அவருடைய ஆவணமாகிறது. அதனை வைத்துக்கொள்வதா, நீதிமன்றத்திற்குத் தருவதா, கிழித்தெறிவதா என்பது அவர் விருப்பம். வாரணாசியில் மனித உரிமைகளுக்கான மக்கள் விழிப்புக் குழுவினர் தேன்மார்க்கு வல்லுநரோடு இணைந்து 2008 முதல் இதனை இந்திய மண்ணுக்கேற்ப மாற்றினர். காவல்துறைக் கொடுமைக்கு ஆளான எளியோரின் சான்றுரை சில அமர்வுகளில் எழுதி முடிக்கப்பெறும். பின்னர் ஊரார் முன்னிலையில் அது உரக்கப் படிக்கப்பெறும். சொன்னவர்க்கு மாலையோ துணியோ அணிவித்துச் சிறப்புச் செய்யப்பெறும். இளிவு ஊரறிய நேர்ந்தது. ஆகவே மதிப்பும் ஊரறியத் தரப்பெறுகிறது. தொல்காப்பியர் கூறிய முதல் நிலைக்களனுக்கு மருந்து இங்கேதான் கிட்டுகிறது. உரைநடையில் எழுதப்பெற்ற ஒரு பனுவல் மருந்தாகும் விந்தை, எழுத்தையே தொழிலாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

வாச்சாத்திக்கு 1992இல் ஆற்றுப்படுத்துநர் எவரும் அரசால் அனுப்பப்பெறவில்லை. அன்று அத்தகைய பணியிடமே இல்லை. எனினும் கேட்ட செவிகள் சில இருந்தன. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் பொதுவுடைமை இயக்கத்தினரும் கேட்டனர். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அன்றைய தென்மண்டல இயக்குநர் பாமதி என்னும் பெண் அதிகாரி ஊருக்கே சென்று பெண்களிடம் கேட்டு அறிக்கை தந்தார். அரசு மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், அரசின் ஓர் உறுப்பே 'அவர்கள் சொல்வது மெய்' என்று எழுதியது. நம்பப்படுதல் என்னும் மருந்தின் ஆற்றலை உளவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும். அவ்வறிக்கை அதனைச் செயலில் காட்டியது. அ. நல்லசிவன் தொடுத்த வழக்கின் வழியே 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

நீதிமன்றமும் ஒரு கேட்கும் செவிதான். ஆனால் அது இருமுனைக் கத்தி. குறுக்கு விசாரணை என்பது நம்பாமையை முறையாக நிகழ்த்துவது. அதன் பணியே அது. எந்நேரம், எத்தனை பேர், எப்பக்கம் நின்றார் என மீண்டும் மீண்டும் கேட்கப்பெறும் வினாக்கள் ஒரு பெண்ணை அந்நாளுக்கே கொண்டு நிறுத்தும். ஆறிய இடம் கீறப்பெறும். சாட்சிக்கு முன்னும் பின்னும் உடனிருக்கும் பயின்ற துணை ஒன்று எந்த வழக்கிலும் வேண்டப்பெறுவது இதனாலேயே. குழந்தைகளைப் பொறுத்தவரை 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் அத்துணைக்கு இடம் தந்துள்ளது. வாச்சாத்தியின் பள்ளிச் சிறுமிக்கு அச்சட்டம் இருபதாண்டு பிந்தி வந்தது.

தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்தம்பர் 29இல் தீர்ப்பளித்தது. 269 பேருள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பெற்றனர். பத்தொன்பது ஆண்டுகள்! மேல்முறையீடுகள் நடந்த காலத்தில், 2023 மார்ச்சுத் திங்களில், உயர்நீதிமன்ற நீதியரசர் பெ. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து நிகழ்விடங்களைப் பார்த்தார், ஊராரிடம் கேட்டறிந்தார். சான்று நீதிமன்றத்திற்குச் செல்வது வழக்கம். நீதிமன்றம் சான்றிடம் வந்தது அரிது. அவ்வாண்டு செப்தம்பர் 29இல் அவர் மேல்முறையீடுகளைத் தள்ளினார். பதினெட்டுப் பெண்களுக்கும், அவருள் மறைந்தோரின் குடும்பத்திற்கும், தலைக்குப் பத்து இலட்சம் உருபா வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும் ஆணையிட்டார். வேலைவாய்ப்புக்கும் அவ்வூர் மக்களின் வாழ்வு மேம்பாட்டிற்கும் அரசு வழி செய்யுமாறும் பணித்தார். பணம் எவ்வளவு என்பதைவிடப் பாதி யாரிடமிருந்து வரவேண்டும் என்பதில் பொருள் இருக்கிறது. செய்தவன் கையால் ஈடு பெறுதல் இளிவைத் துடைக்கும் முயற்சி. தீர்ப்புகளால் அனைத்தும் ஆறிற்று என்பது அத்தீர்ப்புக்கும் அப்பெண்களுக்கும் ஒருசேரச் செய்யும் அநீதியாகும்.

சிலப்பதிகாரக் குன்றக்குரவையின் தொடக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது. மதுரை எரிந்தபின் வேங்கை மர நிழலில் வந்து நின்ற பெண்ணை, மலைக்குறவர் முதலில் கேட்டது நீ யார் என்றே. அவள் சில சொற்களில் சொன்னாள். அவர்கள் ஐயுறவில்லை, மேலும் துருவவில்லை. அன்று சமவெளிப் பெண்ணின் துயரை மலைமக்கள் கேட்டனர். மலையடிவாரத்துப் பெண்கள் சொன்னபோது சமவெளி எவ்வாறு கேட்டது என்பதை மேற்கூறிய ஆண்டுக்கணக்கு காட்டும்.

கவிஞர் நிறைந்த இவ்வவையில் ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பிறர் புண்ணைப் பற்றிய கவிதைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பல, பாதிக்கப்பட்ட பெண்ணைச் 'சிதைந்த மலர்' என்றும் 'கருகிய மொட்டு' என்றும் பாடி முடிந்துவிடுகின்றன. பாடியவர் நெஞ்சம் நல்ல நெஞ்சமே; உவமைதான் கொடியது. மலர் சிதைந்தால் மீள்வதில்லை. ஊர் திரும்பி வீடு கட்டி, பிள்ளைகளை வளர்த்து, முப்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய பெண்களுக்கு அவ்வுவமை பொருந்துமா? அவள் முடிந்துவிட்டாள் என்று சொல்லும் கவிதை, மறந்துவிடு என்று சொல்லும் அத்தையினும் தீங்கானது. மாறாக, வழக்குரைஞராக மக்களிடையே பணியாற்றிய ச. பாலமுருகன் எழுதி 2004இல் வெளிவந்த 'சோளகர் தொட்டி' நாவலைக் குறிப்பிடலாம். சத்தியமங்கலம் காட்டின் சோளகர் உற்ற கொடுமையை அது பேசுகிறது. அதன் ஆற்றல் உவமையிலிருந்து பிறந்ததன்று. நெடுநாள் கேட்டதிலிருந்து பிறந்தது.

எழுதுவது எழுதுபவரையே ஆற்றும் என்பதற்கும் சான்றுண்டு. சேம்சு பென்பேக்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவரை நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வின் கொடிய நிகழ்வைப் பற்றி எழுதச் செய்தார். உணர்வையும் நிகழ்வையும் சேர்த்து எழுதியோர் எழுதிய அந்நாள்களில் வருந்தினர்; ஆனால் பின்வந்த திங்கள்களில் மருத்துவரை நாடுவது குறைந்தது. அவ்வெழுத்துக்கு நடை வேண்டியதில்லை. பிழையற்ற சந்தியும் வேண்டியதில்லை. எவரும் படிக்க வேண்டுவதுமில்லை. ஆழ்ந்த மனவடுவுக்கு இதுவே போதும் என்று எண்ணிவிடலாகாது. பயின்றோர் துணையோடு, அஞ்சி விலக்கிய நினைவைச் சிறிது சிறிதாக அணுகி, நிகழ்காலத்தில் நிற்பதை இறந்தகாலத்தில் அமர்த்தும் முறைகள் இன்று பல உள்ளன. அவற்றுக்குக் காலமும் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். சிலர்க்கு மருந்தும் வேண்டும். கவிதை வாசிப்போர் அனைவரும் ஆற்றுப்படுத்துநர் ஆகிவிட முடியாது. ஆக முயல்வதும் ஆபத்து.

இன்று நிலை 1992 போன்றதன்று. வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவம், காவல், சட்டம், உளவழித் துணை ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் நாட்டில் தொடங்கப்பெற்றன. பெண்களுக்கான 181, மனநலத்திற்கான 14416 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன, பின்னது 2022 அக்தோபரில் தொடங்கப்பெற்றது, தமிழிலும் பேசலாம். ஆனால் சித்தேரி மலைமேலுள்ள ஒரு பெண் மாவட்டத் தலைநகருக்கு வர, மலையிறங்கி அரூர் வந்து, அங்கிருந்து தருமபுரி வரவேண்டும். எதற்குப் போகிறாய் என்று வழியெல்லாம் கேட்பார்கள். ஆகவே அவள் முதலில் வாய் திறப்பது மையத்தில் அன்று. ஊர்ச் செவிலியரிடமோ, அங்கன்வாடிப் பணியாளரிடமோ, பள்ளி ஆசிரியரிடமோதான். இவ்வட்டத்தில் ஆசிரியர்கள் பலர் இருக்கின்றனர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிகளில் பணியாற்றுவோரும் இருக்கலாம். பாடம் கவனியாமல் சாளரத்தையே பார்த்திருக்கும் பிள்ளை, திடீரெனப் பள்ளி வர மறுக்கும் பிள்ளை, தொட்டால் துள்ளி விலகும் பிள்ளை அவர்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளை ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மேசையருகே தயங்கி நிற்கும். அன்று விடைத்தாள் கட்டைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரில் ஒரு நாற்காலி போடலாம்.